இருகிளைக் கொடி: ழோசெப் பெதியேயின் ஆய்வு வாழ்வு



பிரான்சின் இடைக்கால இலக்கியத்தை ஆராய்ந்தவர்கள் வரிசையில் ழோசெப் பெதியேவுக்கு இரட்டைப் புகழ் உண்டு. பொதுவாசகருக்கு அவர் திரிஸ்தானும் இசோல்தும் காதலித்து மடிந்த கதையை 1900ஆம் ஆண்டில் இனிய உரைநடையில் மறுபடி சொன்னவர். ஆய்வாளருக்கோ, தமக்கு முந்தியவர்கள் எழுப்பிய கோட்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தவர். வேடிக்கைக் கதைகள் இந்தியாவிலிருந்து வந்தன என்ற கொள்கையை 1893இல் எதிர்த்தார். வீரகாவியங்கள் மக்களின் நாவில் பல நூற்றாண்டு வளர்ந்தவை என்ற கொள்கையை 1908க்கும் 1913க்கும் இடையே நான்கு தொகுதிகளில் எதிர்த்தார். சுவடிகளை ஒப்பிட்டுத் தொலைந்த மூலபாடத்தை மீட்டுவிடலாம் என்ற கொள்கையை 1928இல் எதிர்த்தார். இவற்றை மூன்று தனித்தனிச் சண்டைகளாகப் பார்ப்பது வழக்கம். என் வாதம் வேறு. மூன்றும் ஒரே வழக்கு. காணாமற்போன ஒரு தொடக்கத்தை ஊகத்தால் வரவழைத்து, கையில் இருக்கும் நூலுக்கு மேலே அதை உட்காரவைக்கும் பழக்கத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு. பிறருடைய தொடக்கங்களை அவர் ஐயுற்ற இடங்களிலெல்லாம் அவர் கை ஓங்கியது. தாமே ஒரு தொடக்கத்தைச் சொல்ல முனைந்த இடத்தில் சறுக்கினார். அவருடைய வெற்றி, தோல்வி இரண்டையும் இந்த ஒரு கோணத்திலிருந்து விளக்க முடியும் என்று காட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு இந்தத் துறையின் பிறப்பே சான்று. தெற்குப் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பாடிய துருபாதூர் என்னும் பாவலர்களின் பாடல்களை 1816 முதல் 1821 வரை பல தொகுதிகளாக வெளியிட்டவர் புரோவான்ஸைச் சேர்ந்த பிரான்சுவா ரேனுவார். அளப்பரிய உழைப்பு அது. ஆனால் அவருக்குப் பாடல்கள் மட்டும் போதவில்லை. லத்தீனுக்கும் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்கும் நடுவே ஒரு பொதுத்தாய்மொழி இருந்தது என்றும், அதன் வாரிசே துருபாதூர்களின் மொழி என்றும் சாதித்தார். ஜெர்மனியின் பான் நகரில் இருந்த பிரீட்ரிஷ் டீட்ஸ் 1836இல் வெளியிடத் தொடங்கிய இலக்கண நூலில் அதை மறுத்தார். இம்மொழிகள் அனைத்தும் லத்தீனின் நேர் மக்கள். ஆக்சிதான் அவர்களுக்கு உடன்பிறந்தவள், தாயல்லள் என்று நிறுவினார். அந்த டீட்ஸிடம் பயின்று திரும்பிய காஸ்தோன் பாரிதான் பிரான்சில் இத்துறையை நிலைநாட்டியவர். 1872இல் போல் மேயருடன் சேர்ந்து 'ரொமானியா' ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் புனித அலெக்சியின் வரலாற்றுப் பாடலைப் பதிப்பித்து, லாஹ்மன் பெயரால் வழங்கும் ஜெர்மானியப் பதிப்பு முறைக்குப் பிரெஞ்சு மண்ணில் ஒரு முன்மாதிரி தந்தார். ஆக, ஒரு பொய்த்தாயை விரட்டிப் பிறந்த துறை இது. விரட்டிய கையோடு வேறு பல தாய்களைத் தேடப் புறப்பட்டது.

பெதியே இந்தச் சூழலின் பிள்ளை. 1864இல் பாரிஸில் பிறந்தார். இளமையில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் வளர்ந்தார். பாரிஸின் உயர் ஆசிரியப் பள்ளியில் பயின்றபின் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெர்மன் ஸூகியரிடம் சுவடிப் பயிற்சி பெற்றார். சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர், பிரான்சின் கான் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். பிறகு தாம் பயின்ற பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். அவருடைய ஆசானான காஸ்தோன் பாரி 1903இல் மறைந்ததும் கொலேஜ் த ஃபிரான்சில் அவர் வகித்த பீடம் பெதியேவுக்கு வந்தது. 1920இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார். 1938இல் மறைந்தார். அவர் வளர்ந்த ரெயூனியனில் அக்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்க் கூலித்தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களில் பெருந்தொகையாய் இருந்தார்கள். அவர் பிறந்ததோ அத்தீவின் வெள்ளையர் குடியில். தூரத்துத் தீவில் வளர்ந்த ஒருவர் பிரான்சின் ஆதி இலக்கியத்தை ஏன் அவ்வளவு பற்றோடு தம்முடையதாக்கிக்கொண்டார் என்பதை மிஷெல் வாரன் 2011இல் ஒரு தனிநூலாகவே ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பற்று நம் வாதத்தில் பிறகு குறுக்கே வரும்.

முதலில் வேடிக்கைக் கதைகள். ஃபாப்லியோ எனப்படுபவை 12ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை, பெரும்பாலும் வடபிரான்சில் எழுந்த குறுங்கதைப் பாட்டுகள். ஏமாந்த கணவன், தந்திரக்கார மனைவி, பேராசைப் பாதிரி, பசித்த மாணவன் என்பவர்களே அவற்றின் மாந்தர். ஏறத்தாழ நூற்றைம்பது கதைகள் எஞ்சியுள்ளன. இவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் செல்வாக்கான விடை, இந்தியா என்பது. தியோடோர் பென்ஃபை 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து வெளியிட்டபோது அதற்கு எழுதிய முன்னுரையே ஒரு முழுத்தொகுதி. ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவை பௌத்தர்களிடம் தோன்றி, பாரசீகம், அரபு, எபிரேயம், லத்தீன் வழியாக மேற்கே நடந்தன என்பது அதன் சாரம். காஸ்தோன் பாரியும் இதை ஏற்றுப் பேசினார். நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. பென்ஃபை பயன்படுத்திய சான்றுகளுள் ஒன்று, தென்னிந்தியாவில் நெடுங்காலம் வாழ்ந்த பாதிரியார் துய்புவா 1826இல் பாரிஸில் வெளியிட்ட பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துச் செய்யப்பட்டது அது. ஆகவே பெதியே 1893இல் இந்தக் கொள்கையை எதிர்த்தபோது, நம் பெருமையைக் குறைத்துவிட்டார் என்று நம்மில் சிலருக்குத் தோன்றக்கூடும்.

அவர் வாதத்தைப் பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு இடமில்லை. ஒரு கதையில் இரண்டு அடுக்குகள் உள்ளன என்றார். ஒன்று, அந்தக் கதை கதையாக நிற்க வேண்டிய எலும்புக்கூடு. இன்னொன்று, நாடும் காலமும் வழக்கமும் சேர்த்த சதை. எலும்புக்கூடு எங்கும் ஒன்றுபோல இருப்பதால் அதை ஒப்பிட்டு யார் யாரிடம் வாங்கினார் என்று சொல்ல முடியாது. சதை ஊருக்கு ஊர் மாறுவதால் அதை ஒப்பிட்டும் சொல்ல முடியாது. ஒரு நாட்டில் காணப்படும் ஒரு கூறு அந்த நாட்டில் பொருளற்றதாயும் வேறொரு நாட்டில் மட்டும் பொருளுள்ளதாயும் இருந்தால்தான் பயணம் உறுதிப்படும். அவர் ஆராய்ந்த கதைகளுள் ஒன்று, அரிஸ்டாட்டில் ஒரு பெண்ணுக்குக் குதிரையாகித் தவழ்ந்த கதை. பஞ்சதந்திரத்தின் நான்காம் பகுதியில் நந்த மன்னனும் மனைவிக்குக் குதிரையாகிறான். இரண்டுக்கும் பொதுவாய் இருப்பது, அறிவாளியும் ஆசைக்கு அடிமை என்ற கருத்தும் முதுகில் ஏறும் ஒரு காட்சியும்தான். அது போதாது என்பதே பெதியேயின் நிலை. ஏடுகளின் வழியாக உறுதியாக வந்த கதைகளும் உண்டு, பெத்ருஸ் அல்ஃபோன்ஸி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் தொகுத்த கீழைநாட்டுக் கதைகளைப் போல. அவற்றை அவர் மறுக்கவில்லை. அவர் மறுத்தது, சில கதைகள் வந்தன என்பதிலிருந்து எல்லாம் வந்தன என்று தாவுவதை. இந்தியாவுக்குப் பதிலாகப் பிரான்சைத் தொடக்கமாக நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலான கதைகளின் பிறப்பிடம் அறியவொண்ணாதது என்று சொல்லிவிட்டு, அவை யாருக்காக, எந்தச் சமூகத்தில் இந்த வடிவம் பெற்றன என்ற கேள்விக்குத் திரும்பினார். அந்த இரண்டாம் கேள்விக்கு அவர் தந்த விடையை, அதாவது இவை நகர வணிகக் குடிகளின் இலக்கியம் என்பதை, டென்மார்க்கின் பெர் நுய்க்ரோக் 1957இல் வலுவாக மறுத்தார். அரசவையினரே இவற்றைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றார். மறுப்பு பலித்தது விடைக்கு மட்டுமே, முறைக்கு அல்ல.

இரண்டாவது வழக்கு வீரகாவியங்களைப் பற்றியது. இங்கேதான் அவர் சறுக்கினார் என்பதால் சற்று விரிவாகப் பேச வேண்டும். 778இல் ஸ்பெயினிலிருந்து திரும்பிய சார்லமேனின் பின்படையைப் பிரனே மலையில் பாஸ்குகள் தாக்கி அழித்தார்கள். இறந்தவர்களில் பிரெத்தோன் எல்லையின் தலைவன் ரோலான் ஒருவன் என்று ஐன்ஹார்ட் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதுகிறார். 1100ஐ ஒட்டி நாலாயிரம் அடியில் ஒரு மகத்தான பாடல் எழுகிறது. அதில் பகைவர்கள் பாஸ்குகள் அல்லர், சரசேனர்கள். ரோலான் சார்லமேனின் சகோதரி மகன். நடுவில் முந்நூறு ஆண்டு. இந்த இடைவெளியைக் காஸ்தோன் பாரி தம் 1865ஆம் ஆண்டு நூலில் போர்க்களத்துக்கு அருகிலேயே பிறந்த சிறு பாட்டுகளால் நிரப்பினார். அவை வாய்வழி வளர்ந்து, ஒன்றோடொன்று கூடிக் காவியமாயின என்றார். ஆனால் அந்தச் சிறு பாட்டுகளில் ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. பெதியே கேட்டது எளிய கேள்வி: இல்லாத பாட்டுகளை ஏன் வரலாறு என்று எழுத வேண்டும்?

கேள்வியோடு நிற்கவில்லை; பதிலும் தந்தார். யாத்திரைச் சாலைகளைப் பாருங்கள் என்றார். ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குச் செல்லும் சாலையில் உள்ள பிளேயில் ரோலானின் கல்லறை காட்டப்பட்டது; போர்தோவின் புனித செவுரின் ஆலயத்தில் அவன் கொம்பு காட்டப்பட்டது. இரண்டையும் பாடலே குறிப்பிடுகிறது. தெற்கே மொன்பெலியேவுக்கு அருகில், ஆக்சிதான் பேசும் மலைப்பள்ளத்தாக்கில், சார்லமேனின் உறவினன் கியோம் 804இல் நிறுவிய ஜெலோன் மடம் இருக்கிறது. வடநாட்டுப் பாணர்கள் பாடிய ஒராஞ்சின் கியோம் காவியத் தொகுதிக்கு அந்தத் துறவிப் பிரபுவே நாயகன். பிரெஞ்சும் ஆக்சிதானும் கலந்த விந்தை மொழியில் இருக்கும் 'ழிரார் த ருசியோன்' காவியமோ வெஸ்லே மடத்தின் நிறுவனரைப் பற்றியது. மகதலேனா மரியாளின் திருப்பண்டங்கள் அம்மடத்துக்கு வந்த கதையும் அதில் உண்டு. துறவிகளிடம் கல்லறைகளும் ஆவணங்களும் இருந்தன, பாணர்களிடம் குரல் இருந்தது, சாலையில் கூட்டம் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் இந்த மூன்றும் கூடியபோது காவியம் பிறந்தது; ரோலான் பாடலைப் படைத்தது ஒரு தனிமனித மேதை. இதுவே பெதியேயின் விடை. படிக்கும்போது அதன் அழகில் சொக்காமல் இருப்பது கடினம். ஒவ்வொரு கல்லறையையும் ஒவ்வொரு பட்டயத்தையும் அவர் பெயர் சொல்லிக் காட்டுகிறார்.

ஆனால் சான்று வேறு திசையில் வந்தது. வட ஸ்பெயினின் சான் மில்யான் மடத்துச் சுவடியொன்றில் ஒரு சிறு லத்தீன் குறிப்பை டமாசோ அலோன்சோ 1950களின் தொடக்கத்தில் வெளியிட்டார். 1065க்கும் 1075க்கும் இடையில் எழுதப்பட்டதாக மதிக்கப்படும் அக்குறிப்பில் காவிய மாந்தர்களான ரோலான், ஒலிவியே, பேராயர் துர்ப்பன், வளைமூக்குக் கியோம் எல்லோரும் சார்லமேனோடு வருகிறார்கள். ரோலான் பிரனே மலையின் ரொன்செவாவில் மடிகிறான். பெதியேயின் மேதை பேனாவைத் தொடுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கதை மலைக்கு அப்பால் உருவோடு உலவியிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுப் பட்டயங்களில் உடன்பிறந்தோர் இருவருக்கு ரோலான், ஒலிவியே என்று பெயரிட்டிருப்பதும் இதையே சொல்கிறது. ரமோன் மெனந்தெஸ் பிடால் 1959இல் இச்சான்றுகளைத் திரட்டி மரபுக் கொள்கைக்குப் புத்துயிர் கொடுத்தார். ழான் ரிக்னர் 1955இல் பாணர்களின் வாய்மொழி உத்திகளைக் காவியங்களில் எடுத்துக் காட்டியிருந்தார். பெதியே இங்கே தோற்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எப்படித் தோற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். பாரியின் சிறுபாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த மறுப்பு அப்படியே நிற்கிறது. விழுந்தது அவற்றின் இடத்தில் பெதியே நட்ட புதுத் தொடக்கம். சான்று இல்லாத காலத்தை இருள் என்று சொல்லி விட்டிருந்தால் அவரை யாரும் அசைத்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஒன்றுமே இல்லை என்று சொன்னார். பிறரிடம் அவர் கண்ட குற்றம் அதுவே, தலைகீழாக.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தொலைந்த மூலங்களை மீட்பதை எதிர்த்தவர் என்கிறீர்களே, திரிஸ்தானுக்கு அவர் செய்தது என்ன? தோமா என்ற கவிஞர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய திரிஸ்தான் காவியம் துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. பெதியே 1902இலும் 1905இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில், ஜெர்மானிய காட்ஃபிரீட், நார்வேயின் துறவி ராபர்ட், ஆங்கிலத்தில் ஒரு பெயரறியாக் கவிஞர் ஆகியோரின் தழுவல்களை ஒப்பிட்டு, தோமாவின் காவியம் முழுதாக இருந்தபோது எப்படி ஓடியிருக்கும் என்று மீட்டெழுதினார். அதற்கும் மேலே போய், எல்லாத் திரிஸ்தான் கதைகளுக்கும் ஒரே ஒரு முதற்காவியம் இருந்தது என்றார். முரண்பாடு வெளிப்படை. அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. அதிலிருந்து ஒன்றைக் கற்கலாம். பெதியேயின் ஐயத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: மகத்தான படைப்பு ஒரு மனிதனின் கையிலிருந்து வருகிறது, கூட்டத்திலிருந்து வருவதில்லை என்பது. மக்கள் மரபு, இனத்தின் ஆன்மா போன்ற மூடுபனிகளைக் கண்டால் அந்த நம்பிக்கை அவரைக் கூர்மையாக்கியது. ஒரு தனிக் கவிஞனின் நிழல் தெரிந்ததும் அதே நம்பிக்கை அவரை இளக வைத்தது. தோமாவின் மீட்பு பெருமளவு நம்பத்தக்கது, ஏனெனில் தோமா உண்மையிலேயே இருந்தார், அவருடைய துண்டுகள் உள்ளன, தழுவியவர்கள் அவரைப் பின்பற்றினார்கள். அதற்கும் மேலிருந்த முதற்காவியத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவது வழக்குதான் அவர் பெயரை இன்றும் வாழவைப்பது. அதன் களம் ஒரு சிறு கதைப்பாட்டு. ழான் ரெனார் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'நிழலின் பாட்டு' ஆயிரம் அடிக்கும் குறைவானது. தன் மோதிரத்தை ஏற்க மறுத்த சீமாட்டியிடம் ஒரு வீரன், அப்படியானால் இதை எனக்கு அடுத்தபடி பிரியமானவளுக்குத் தருகிறேன் என்று சொல்லி, கிணற்று நீரில் தெரியும் அவளது நிழலுக்கு அதைக் கொடுக்கிறான்; அந்த நயத்தில் அவள் மனம் இளகுகிறது. ஏழு சுவடிகளில் இது கிடைக்கிறது. 1890இல், இருபத்தாறு வயதில், பெதியே இதை லாஹ்மன் முறைப்படி பதிப்பித்தார். முறை இது: எல்லாச் சுவடிகளையும் அடிக்கு அடி ஒப்பிட வேண்டும். தனித்தனியே இருவருக்கு நேர வாய்ப்பில்லாத ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் அவை ஒரே தொலைந்த சுவடியிலிருந்து வந்தவை. இப்படியே மேலே மேலே போய் ஒரு கொடிவழி வரையலாம். அதன் உச்சியில் எல்லாவற்றுக்கும் முன்னோரான படி நிற்கும். அங்கிருந்து மூன்று கிளை பிரிந்தால், இரண்டு கிளைகள் ஒத்த பாடமே மூலபாடம். பதிப்பாசிரியருக்குச் சொந்த விருப்பத்துக்கு இடமில்லை. இளம் பெதியே வரைந்த கொடி இரண்டே கிளைகளாகப் பிரிந்தது. மதிப்புரை எழுதிய காஸ்தோன் பாரி, மூன்று கிளை என்றார்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே ஏழு சுவடிகளைப் பார்த்து வேறு வேறு கொடி வரைந்தது பெதியேயை உறுத்திக்கொண்டே இருந்தது. 1913இல் அதே பாட்டை மறுபடி பதிப்பித்தபோது கொடியைக் கைவிட்டார். ஒரு நல்ல சுவடியைத் தேர்ந்து அதையே பெரும்பாலும் பின்பற்றினார். 1928இல் 'ரொமானியா'வில் இரு பகுதியாக வெளிவந்த கட்டுரையில் காரணத்தை விரித்தார். பிரெஞ்சு நூல்களுக்குப் பலர் வரைந்த 110 கொடிகளை எண்ணிப் பார்த்தார்; அவற்றில் 105 இருகிளைக் கொடிகள். சுவடிகள் தாமாக இப்படி நடந்துகொள்ள முடியுமா? ஒரு மூலத்தை எப்போதும் சரியாக இரண்டு பேர்தான் படியெடுத்தார்களா? பழக்கம் சுவடிகளுடையதன்று, பதிப்பாசிரியர்களுடையது என்பது அவர் தீர்ப்பு. பிழைகளைத் தேடித் தேடிச் சுவடிகளைக் கூட்டுச் சேர்ப்பவர் இரண்டு கிளை மிஞ்சும் வரை நிற்பதில்லை. இரண்டில் வந்ததும் நின்றுவிடுகிறார். ஏனெனில் இரண்டு கிளை முரண்படும்போது எதைத் தேர்வது என்ற சுதந்திரம் அவரிடம் திரும்பி வருகிறது. விருப்பத்தை விலக்கவென்று வடிவமைத்த எந்திரம் விருப்பத்தையே மறைமுகமாக முடிசூட்டியிருக்கிறது.

இதற்கு எழுந்த மறுப்புகள் கனமானவை. மூன்று சுவடிகள் மட்டும் எஞ்சியிருந்தால் வரையக்கூடிய 22 வகைக் கொடிகளில் மூன்றாகப் பிரிவது ஒன்றே ஒன்றுதான் என்று போல் மாஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே இருகிளை மிகுதியாக இருப்பது இயற்கை என்பது அவர் பக்கத்து நியாயம். மூன்று கிளை இருந்த மரபிலும் ஒரு கிளை முழுதும் அழிந்துபோனால் எஞ்சுவது இரண்டே. இடைக்காலச் சுவடிகள் அழிந்த அளவை நினைத்தால் இது அற்பமான வாதமன்று. 1946இல் ழான் ஃபூர்கே பெதியேயின் முரண்புதிரை இவ்வாறே தர்க்க வழியில் அவிழ்க்க முயன்றார். 1957இல் அரிகோ கஸ்தெலானி மறுபடி எண்ணினார். விகிதம் குறைந்தது, ஆனால் பெரும்பான்மை இருகிளையாகவே நின்றது. இந்த விளக்கங்களை நான் ஏற்கிறேன். இருகிளைக் கொடி மிகுந்திருப்பது ஓரளவு கணக்கின் விளைவு, ஓரளவு அழிவின் விளைவு. ஆனால் அப்படி ஏற்றால் லாஹ்மன் முறை பிழைத்துவிடுகிறதா? இல்லை. இரண்டு கிளைக்குக் காரணம் எதுவானாலும், இரண்டு கிளை உள்ள இடத்தில் மூலபாடத்தை எந்திரத்தனமாக முடிவு செய்ய முடியாது. பதிப்பாசிரியரின் சுவையே முடிவு செய்யும். ரோலான் பாடலையே பாருங்கள். ஒரு பக்கம் ஆக்ஸ்போர்டில் உள்ள டிக்பி 23 சுவடி, மறுபக்கம் மற்றெல்லாச் சுவடிகளும் என்றுதான் வழக்கமாக அதன் கொடி வரையப்படுகிறது. பெதியே 1922இல் அப்பாடலை வெளியிட்டபோது ஆக்ஸ்போர்டு சுவடியையே பிடித்து நின்றார். இத்தாலியின் சேசரே செக்ரே 1971இல் மறுபக்கத்தின் சாட்சியத்தையும் கொண்டு அதைத் திருத்தினார். இருவரில் செக்ரேயின் பதிப்பே ஆழமானது என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் காரணம் எழுத வேண்டியிருந்தது; அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியவர் பெதியே.

மற்றொரு குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. கதைகள் இந்தியாவிலிருந்து வரவில்லை, காவியம் ஜெர்மானியக் காடுகளிலிருந்து வரவில்லை, பதிப்பு முறை பெர்லினிலிருந்து வரவேண்டாம்: இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தேசப்பற்று அல்லவா தெரிகிறது? முதல் உலகப் போரின்போது, 1915இல், பிடிபட்ட ஜெர்மானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு அவர்களுடைய கொடுமைகளை நிறுவ அவர் வெளியிட்ட சிறுநூலும் இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. பற்று இருந்தது, மறுக்கவில்லை. காவியத்தைப் பிரெஞ்சு மண்ணில், பிரெஞ்சுச் சாலையில், ஒரு பிரெஞ்சு மேதையின் கையில் கொண்டுபோய் அவர் வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. அந்தப் பகுதி விழுந்ததையும் பார்த்தோம். ஆனால் அவர் முதலில் மோதியது யாரோடு? பிரான்சின் மிகப் பெரிய பேராசிரியரான தம் சொந்த ஆசானோடு. 1928இல் எண்ணிய கொடிகளில் பிரெஞ்சுக்காரர் வரைந்தவையும் உண்டு, தம் இளமைப் பதிப்பின் கொடியும் அதே இனம். பற்று சில முடிவுகளை வளைத்தது. எண்ணிக்கையை அது வளைக்கவில்லை.

பெதியேவுக்குப் பிறகு என்ன ஆயிற்று? பிரான்சில் ஒரு சுவடியைத் தேர்ந்து அச்சிடுவது வழக்கமாயிற்று. சிலர் கையில் அது சோம்பலாகவும் ஆயிற்று. எழுத்தர் தூங்கி வழிந்து எழுதிய பிழைக்கும் மரியாதை செய்வது பதிப்பு ஆகாது. ஜான்ஃபிராங்கோ கொந்தினி இதற்குச் சரியான இடம் கண்டார்: எந்தப் பதிப்பும் ஒரு கருதுகோளே, ஒற்றைச் சுவடிப் பதிப்பும் விலக்கன்று. மறுபுறம், ஆக்சிதான் பாடல்கள் பெதியே நினைத்ததற்கும் அப்பால் நம்மைக் கொண்டுபோகின்றன. ஜோஃப்ரே ரூதெலின் தூரதேசக் காதல் பாடலில் சரணங்களின் வரிசையே சுவடிக்குச் சுவடி மாறுகிறது. ரூபர்ட் பிக்கன்ஸ் 1978இல் அவற்றை ஒன்றாக்காமல் வேறு வேறு வடிவங்களாகவே அச்சிட்டார். போல் ஸும்தோர் 1972இல் இந்த அசைவையே இடைக்கால இலக்கியத்தின் இயல்பு என்றார். ரோலானின் சாவை ஆக்சிதானில் பாடும் 'ரொன்ஸஸ்வல்ஸ்' காவியமோ புரோவான்ஸின் ஆப்த் நகரில் ஒரு பத்திரப் பதிவாளரின் 14ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் கிடைத்தது. மாரியோ ரோக் அதை 1932இல் வெளியிட்டார். அதை ஆக்ஸ்போர்டு பாடலின் சிதைவாக மட்டும் பார்த்தால் தெற்கே அந்தக் கதை எப்படி வாழ்ந்தது என்பது தெரியாமல் போகும். ஒரு மேதை, ஒரு நூல் என்ற பெதியேயின் நம்பிக்கை இங்கே போதவில்லை. கையில் உள்ள சுவடியை மதி என்ற அவரது விதிதான் இந்தப் பதிப்பாசிரியர்களுக்கு வழிவிட்டது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 1928ஆம் ஆண்டுக் கட்டுரை எழுபது பக்கத்துக்குச் சற்று மேல். 'ரொமானியா'வின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த மொழியின் சுவடிகளைப் பதிப்பிக்கப் போகிறவராயினும் கொடி வரைவதற்கு முன் அதைப் படியுங்கள். வரைந்தபின் உங்கள் கொடி இருகிளையாக வந்தால், மூன்றாவது கிளையை எந்த இடத்தில், எந்தப் பிழையின் பேரில் மற்றொன்றோடு சேர்த்தீர்கள் என்பதைப் பதிப்பின் முன்னுரையிலேயே எழுதிவையுங்கள்.